தாமே தலைவாரிக்கொண்ட பெண்கள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவார் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். சீனக் கிராமங்களில் கன்னிப்பெண்கள் செய்த சடங்குகள் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்ததும் செயலாளர் உடனே தொலைபேசியில் அழைத்து, "தலைப்பை மாறி அனுப்பிப்போட்டீங்களோ?" என்று கேட்டார். மாறி அனுப்பவில்லை. இந்தச் சடங்குகளைப் பற்றி நம் கல்லூரியின் பழைய மாணவிகளிடம் சொல்ல வேண்டும் என்று எங்கள் பிரிவினர் சேர்ந்து எடுத்த முடிவு இது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

முதலில் இது எங்களுக்கு எப்படித் தெரியவந்தது என்று சொல்லிவிடுகிறோம். எங்கள் பிரிவில் மருத்துவம் படித்த இருவர் மேற்பயிற்சிக்காகச் சிங்கப்பூர் போயிருந்தோம். அங்கே ஒரு விடுதியில் தொண்ணூறு வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர் அனுமதிக்கப்பட்டிருந்தார். அவருடைய பத்திரத்தில் நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் 'சகோதரி' என்று எழுதியிருந்தது. அந்தச் சகோதரி தினமும் மாலையில் வருவார். அவருக்கும் எண்பத்தைந்துக்குக் குறையாது. வந்தவுடன் பையிலிருந்து ஒரு மரச்சீப்பை எடுத்து நோயாளியின் வெள்ளை முடியை வாரிவிடுவார். பிறகுதான் சுகம் விசாரிப்பார். இருவரின் குடும்பப் பெயரும் வேறு, பிறந்த ஊரும் வேறு என்பதைக் கவனித்துக் கன்ரனிய மொழி தெரிந்த தாதியிடம் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டு, "இவை இரத்தச் சகோதரிகள் இல்லை. கலியாணம் செய்வதில்லை என்று சாமிக்கு முன்னால் தலைவாரிக்கொண்ட பெண்கள். அந்தச் சகோதரம்" என்றார். அன்றிரவே அதைப்பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினோம்.

அவர்களுடைய ஊர் தென்சீனத்தின் குவாங்டொங் மாகாணத்தில், முத்தாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில் இருக்கிறது. ஷுண்டே என்ற பகுதி. தண்ணீரும் மேடும் மாறிமாறி வரும் நிலம். மேட்டில் முசுக்கட்டை மரம் நடுவார்கள். அதன் இலையைப் பட்டுப்புழு தின்னும். புழுவின் எச்சத்தைக் குளத்து மீனுக்குப் போடுவார்கள். குளத்துச் சேற்றை அள்ளி மீண்டும் மரத்தடியில் இடுவார்கள். எதுவும் வீண்போகாத ஒரு வேளாண்மை அது. 1870களின் தொடக்கத்தில், வியட்நாமிலிருந்து திரும்பிய சென் சியுவான் என்ற வணிகர், ஷுண்டேயை அடுத்த நான்ஹாயில் நீராவியைப் பயன்படுத்தும் பட்டு நூற்பாலை ஒன்றைத் தொடங்கினார். பிறகு ஆலைகள் பெருகின. கொதிநீரில் மிதக்கும் கூட்டிலிருந்து நூலின் நுனியைப் பிடித்து இழுக்க மெல்லிய விரல்கள் வேண்டும். அந்த விரல்கள் இளம்பெண்களுடையவை. கூலி பெண்களின் கைக்கு வந்தது.

இந்தப் பகுதியில் பெண்பிள்ளைகள் பதின்மூன்று, பதினான்கு வயதானதும் இரவில் பெற்றோர் வீட்டில் படுப்பதில்லை. ஊரில் 'பெண்பிள்ளைகள் வீடு' என்று ஒன்று இருக்கும். பகல் முழுவதும் தாய் வீட்டிலும் வயலிலும் ஆலையிலும் வேலை செய்துவிட்டு, இரவில் எல்லோரும் அங்கே கூடுவார்கள். கதைப்பார்கள், பாடுவார்கள், தைப்பார்கள், தூங்குவார்கள். நம் கல்லூரி விடுதியில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. விளக்கணைத்த பிறகு எவ்வளவு கதைத்திருப்போம்!

அந்த வீடுகளில் வருடத்தின் பெருவிழா ஏழாம் மாதம் ஏழாம் நாள். வானுலகில் துணி நெய்யும் பெண் ஒருத்தி பூமிக்கு வந்து மாடு மேய்க்கும் ஒருவனை மணந்தாள் என்பதும், இருவரும் பால்வெளியின் இரு கரைகளிலும் பிரித்து வைக்கப்பட்டார்கள் என்பதும், வருடத்தில் இந்த ஒரு நாளில் குருவிகள் பாலம் கட்ட இருவரும் சந்திக்கிறார்கள் என்பதும் சீனம் முழுவதும் தெரிந்த கதை. இன்று நகரங்களில் அது காதலர் தினமாகிவிட்டது. ஆனால் குவாங்டொங் கிராமத்துப் பெண்கள் அந்த நாளைக் காதலுக்காகக் கொண்டாடவில்லை. அவர்கள் அந்த நெசவுக்காரியை 'ஏழாம் அக்கா' என்று அழைத்தார்கள். வானத்துச் சகோதரிகள் எழுவரில் அவள் இளையவள். அவளிடம் கேட்டது மாப்பிள்ளையை அல்ல, கைத்திறனை. அதனால்தான் அந்த விழாவின் பழைய பெயருக்கே 'திறனை இரந்து வேண்டுதல்' என்று பொருள்.

ஆயத்தம் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கும். வருடம் முழுவதும் தோழிகள் சிறு தொகை போட்டுச் சேர்த்து வைப்பார்கள். அதற்கென்று 'ஏழக்கா சங்கம்' என்று குழுக்கள் இருந்தன. நெல்லையும் பயறையும் கிண்ணங்களில் ஊறவைத்து முளைக்க விடுவார்கள். நாற்று விரல் உயரம் வளர்ந்ததும் சிவப்புக் காகிதம் சுற்றி மேசையில் வைப்பார்கள். எள், அரிசி, விளக்குத்திரியாகும் நாணல் நெட்டி ஆகியவற்றை ஒட்டிச் சின்னஞ்சிறு வீடுகள், தோட்டங்கள், பூக்கள், பொம்மைகள் செய்வார்கள். உள்ளங்கையில் அடங்கும் சப்பாத்து, நகத்தளவு விசிறி, சின்னக் கண்ணாடி, சீப்பு என்று எல்லாமே ஏழு ஏழாக இருக்கும். நம் நவராத்திரிக் கொலுவும் கும்பத்தடி நாற்றும் நினைவுக்கு வருகின்றனவா? எங்களுக்கும் வந்தன. ஆனால் இரண்டும் ஒன்றென்று நாங்கள் சொல்லவில்லை. தூரத்தில் ஒரு வீட்டில் நம் வீட்டுப் பாத்திரம் போல ஒன்றைக் கண்டால் ஏற்படும் சந்தோஷம் மட்டுமே அது.

ஆறாம் நாள் இரவு வீட்டுக் கதவுகளைத் திறந்துவிடுவார்கள். ஊரே வந்து அந்த மேசைகளைப் பார்க்கும். மற்ற நாட்களில் தலைகுனிந்து போகவேண்டிய பெண்கள் அன்று புத்தாடை அணிந்து, நகத்திற்குச் சாயமிட்டு, தாங்கள் செய்ததைத் தாங்களே காட்டி நிற்பார்கள். நள்ளிரவில் ஊதுபத்தி ஏற்றி ஏழு தடவை வணங்குவார்கள். பிறகு மங்கலான வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோர்க்கும் போட்டி. ஒரே மூச்சில் ஏழு ஊசிகளிலும் கோர்த்தவளுக்கு ஏழாம் அக்காவின் அருள் கிடைத்ததென்று பொருள். முகப்பூச்சு மாவில் ஒரு பகுதியைக் கூரைமேல் எறிவார்கள். அது தேவதைக்கு. மீதியைத் தாங்கள் பூசிக்கொள்வார்கள். விடியற்காலை சேவல் கூவும் நேரத்தில் ஆற்றில் தண்ணீர் அள்ளிச் சாடிகளில் ஊற்றி மூடிவைப்பார்கள். அது ஆண்டு முழுவதும் கெடாது என்றும், காய்ச்சலுக்கும் தீப்புண்ணுக்கும் மருந்தென்றும் நம்பினார்கள். வைத்தியர்களாகிய நாங்கள் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஆனால் வீட்டு மருந்துச் சாடியின் பொறுப்பு பதினைந்து வயதுப் பெண்ணின் கையில் இருந்தது என்பதை மதிப்போடு குறித்துக்கொள்கிறோம்.

இந்த விழாவில் எங்கள் மனதைத் தொட்டது அதன் கடைசிச் சடங்கு. ஒரு பெண் மணமாகிய பின் வரும் முதலாவது ஏழாம் மாதத்தில் இன்னும் ஒரே ஒரு தடவை மேசையின் முன் வருவாள். அது வழிபாடு அல்ல, விடைபெறுதல். பிள்ளைப்பேற்றுக்கு அடையாளமாகச் சிவப்பு முட்டையும் புளித்த இஞ்சியும் படைப்பாள். கூடவே பேரிக்காய் படைப்பாள். சீன மொழியில் பேரிக்காயையும் பிரிவையும் குறிக்கும் சொற்கள் ஒரே ஒலி கொண்டவை. அதன் பிறகு அவள் அந்த வட்டத்தில் இல்லை. தோழிகளோடு செய்த சடங்கிலிருந்து விலகுவதற்கும் ஒரு சடங்கு வைத்திருந்தார்கள். உயர்தரப் பரீட்சை முடிந்த அன்று நாம் எல்லோரும் வெளி வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றோமே, என்ன சொல்வதென்று தெரியாமல், "சரி, பிறகு பார்ப்பம்" என்று சொல்லிப் பிரிந்தோமே, அது நினைவுக்கு வந்தது.

பெண்கள் தங்களுக்குள் அழைத்த தெய்வங்களில் இன்னொருத்தியையும் சொல்ல வேண்டும். அவள் ஊதா அக்கா. சீனத்தின் பல பகுதிகளில் வழிபடப்பட்டவள். ஐந்தாம் நூற்றாண்டு நூலொன்றிலேயே அவளைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. ஒரு வீட்டில் இரண்டாந்தாரமாக வாழ்ந்து, மூத்தவளின் கொடுமையில் அழுக்கு வேலைகளையே செய்து, முதலாம் மாதப் பௌர்ணமி நாளில் மனம் நொந்து இறந்தவள். வருடாவருடம் அதே இரவில் பெண்கள் அவளுடைய உருவம் செய்து, கழிப்பிடத்தின் அருகிலோ பன்றித் தொழுவத்தின் அருகிலோ வைத்து, உன்னைத் துன்புறுத்தியவர்கள் வீட்டில் இல்லை, நீ வெளியே வரலாம் என்று சொல்லி அழைப்பார்கள். உருவம் கையில் கனத்தால் அவள் வந்துவிட்டாள் என்று பொருள். இந்த வருடம் பட்டுப்புழு நன்றாக வருமா என்று அவளிடம் கேட்பார்கள். நீதி கிடைக்காத பெண்ணைத் தெய்வமாக்கி வணங்குவது கண்ணகி அம்மனுக்குப் பொங்கும் நமக்குப் புதிதல்ல. ஆனால் அந்தப் பெண்கள் அவளைப் பயந்து வணங்கவில்லை. இறந்த தோழி ஒருத்தியைச் சமாதானப்படுத்தி அழைப்பது போல அழைத்தார்கள்.

இனித் தலைவாரும் சடங்குக்கு வருகிறோம். சீன மரபில் மணமாகாத பெண் பின்னல் போட்டிருப்பாள். திருமணத்தின்போது, கணவனோடும் பிள்ளைகளோடும் நிறைவாக வாழும் பெண் ஒருத்தி மணமகளின் பின்னலை அவிழ்த்து வாரிக் கொண்டையாக முடிந்துவிடுவாள். அந்தக் கொண்டைதான் திருமணத்தின் அடையாளம். ஷுண்டேயின் பட்டுக் கிராமங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து சில பெண்கள் அந்தச் சீப்பைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். அவர்களை 'தாமே வாரிக்கொண்ட பெண்கள்' என்றே ஊர் அழைத்தது.

நாள் பார்ப்பார்கள். முதல்நாள் இரவு பெண்பிள்ளைகள் வீட்டில் தோழிகளோடு தங்குவாள். மணமிக்க இலைகள் போட்டுக் காய்ச்சிய நீரில் குளிப்பாள். விடியுமுன் குவான்யின் தேவியின் முன் நிற்பாள். இந்தியாவிலிருந்து சீனம் போன அவலோகிதேசுவரரே அங்கே குவான்யின் என்ற கருணைத் தாயானார். புதிய ஆடை, புதிய சப்பாத்து, சிவப்பு நாடா, சீப்பு, கண்ணாடி எல்லாம் மணப்பெண்ணுக்கு இருப்பது போலவே இருக்கும். ஏற்கெனவே சபதம் செய்த மூத்த பெண் ஒருத்தி அவளுடைய பின்னலை அவிழ்த்து, ஒவ்வொரு வாருக்கும் ஒரு வாழ்த்துச் சொல்லி, கொண்டை முடிந்துவிடுவாள். அவள் தேவியின் முன் சபதம் சொல்வாள். சாட்சி, தோழிகள். பிறகு வீட்டுக்குப் போய்ப் பெற்றோரை வணங்குவாள். உறவினர் பரிசு தருவார்கள், விருந்தும் நடக்கும். மாப்பிள்ளை மட்டும் இல்லை.

ஏன் அப்படிச் செய்தார்கள்? சிங்கப்பூரில் 1950களில் இந்தப் பெண்களோடு பழகி ஆராய்ந்த மார்ஜரி டொப்லி என்ற மானிடவியலாளரிடம் அவர்கள் பல காரணங்கள் சொன்னார்கள். மாமியார் வீட்டுக் கொடுமைக்குப் பயம். பிள்ளைப்பேற்றில் சாவோம் என்ற பயம். மகப்பேற்று விடுதியில் வேலை செய்த எங்களுக்கு அந்தப் பயத்தை அறியாமை என்று சொல்ல வாய் வராது. அந்தக் காலத்தில் அது உண்மையான ஆபத்து. பெண்களுக்கு மறுபிறவியில் நல்ல கதி உண்டு என்று சொன்ன சமய நூல்களின் செல்வாக்கும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நூற்பாலைக் கூலி இருந்தது.

ஆனால் இதை முழுக்கப் பெண் விடுதலைக் கதையாகச் சொன்னால் நாங்கள் உங்களுக்குப் பொய் சொன்னவர்களாவோம். சில குடும்பங்கள் மூத்த மகளைத் தலைவாரச் சொல்லித் தாமே வற்புறுத்தின. அவளுடைய கூலி தம்பிமாரை வளர்க்கும் என்பது கணக்கு. வயதில் மூத்தவள் மணமாகாமல் இருந்தால் இளையவர்களின் திருமணம் தடைப்படும் என்ற நிலையில், அவள் கொண்டை முடிந்தால் வழி திறக்கும். சபதத்தைத் திரும்பப் பெற முடியாது. மீறியவளுக்கு அடியும் அவமானமும், பன்றிக்கூடையில் அடைத்து நீரில் ஆழ்த்தும் தண்டனையும் கூட இருந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. எல்லாவற்றிலும் பெரிய துன்பம் சாவைப் பற்றியது. மணமாகாத மகள் பிறந்த வீட்டில் இறப்பது வீட்டுக்கு ஆகாது என்று நம்பினார்கள். அவளுடைய பெயர்ப்பலகைக்குத் தந்தையின் முன்னோர் மாடத்தில் இடமில்லை. நாற்பது வருடம் அந்த வீட்டுக்கு உழைத்துப் போட்டவள், சாகும் நாளில் அந்த வீட்டுத் திண்ணையிலும் படுக்க முடியாது. இறந்தபின் அவளுக்கு ஊதுபத்தி ஏற்றுவதற்கும் எவருமில்லை.

அப்படியானால் எங்கே போவது? அந்தப் பெண்கள் அழுதுகொண்டு இருக்கவில்லை. பணம் சேர்த்தார்கள். சேர்ந்து வீடு வாங்கினார்கள், கட்டினார்கள். மூத்தவள் நோயில் விழுந்தால் இளையவள் பார்ப்பாள். இறந்தால் அடக்கம் செய்வாள், பெயர்ப்பலகை வைத்து ஊதுபத்தி ஏற்றுவாள். அவளுக்கு அடுத்தவள் செய்வாள். சைவ உணவு உண்டு வழிபாடு செய்யும் மடங்களிலும் பலர் இடம் பெற்றார்கள். விடியற்காலையில் தலைவாரியபோது சாட்சியாக நின்றவர்களே கடைசி மூச்சின்போதும் பக்கத்தில் நின்றார்கள். சடங்கின் உள்ளே இருந்த ஒப்பந்தம் அதுதான்.

1930களில் உலகப் பொருளாதார வீழ்ச்சியோடு பட்டின் விலையும் விழுந்தது. ஆலைகள் மூடப்பட்டன. 1938இல் யப்பானியப் படை குவாங்சௌ நகரைப் பிடித்தது. அந்தக் காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சீன ஆண்கள் குடிவருவதற்குக் கட்டுப்பாடு வந்திருந்தது. பெண்களுக்கு 1938 வரை அந்தக் கட்டுப்பாடு இல்லை. கொண்டை முடிந்த பெண்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறினார்கள். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் அணிந்து, வெள்ளையர் வீடுகளிலும் செல்வந்தர் வீடுகளிலும் சமைத்தார்கள், பிள்ளை வளர்த்தார்கள். அதே பத்தாண்டுகளில் நம் யாழ்ப்பாணத்துப் பாட்டன்மாரும் அதே ஊர்களில் புகையிரதத் திணைக்களத்திலும் அலுவலகங்களிலும் இருந்தார்கள். 'மலாயன் பென்சனியர்' வீட்டுப் பேத்திகள் இந்த மண்டபத்திலேயே பலர் இருப்பீர்கள். பழைய அல்பத்தில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நிற்கும் ஒரு சீனப் பெண் இருந்தால், அவளுடைய கொண்டையைப் பாருங்கள்.

சிங்கப்பூரில் அவர்கள் சைனா டவுனில் ஓர் அறையைப் பலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்தார்கள். வேலையில்லாத நாட்களில் அங்கே தங்குவார்கள். ஏழாம் மாதத்தில் அங்கேயும் சிறு மேசை போட்டு ஏழாம் அக்காவை வணங்கினார்கள். ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். தம்பி மகனுக்குப் படிப்பு, தங்கைக்குச் சீதனம், வீட்டுக்கு ஓடு. இதெல்லாம் எங்கள் புலம்பெயர்ந்த அக்காமாருக்கு நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். ஷுண்டேயின் ஜூன்ஆன் பகுதியில் ஷாடௌ என்ற கிராமத்திலிருந்து போன பெண்கள் தங்கள் சம்பளத்தில் சேர்த்து, 1950ஆம் ஆண்டளவில் ஊரில் ஒரு மண்டபம் கட்டினார்கள். அதன் பெயர் 'பனியும் பச்சைமணிக் கல்லும் போன்ற மண்டபம்' என்று பொருள்படும் பிங்யூதாங். வயதாகித் திரும்பும் சகோதரிகள் தங்க இடம், இறந்தவர்களின் பெயர்களுக்கு இடம். அடுத்தவர் வீட்டுச் சமையலறைகளில் நின்று சேர்த்த காசு அது. இன்று அந்த மண்டபம் அருங்காட்சியகம். புதிதாகத் தலைவாரிக்கொள்பவர்கள் இப்போது இல்லை. கொண்டை முடிந்த கடைசித் தலைமுறையும் ஏறத்தாழ முடிந்துவிட்டது. ஏழாம் அக்காவின் மேசைகள் மட்டும் குவாங்சௌவின் சூசுன் போன்ற கிராமங்களில் 1990களின் இறுதியிலிருந்து மீண்டும் போடப்படுகின்றன. போடுபவர்கள் பெரும்பாலும் பாட்டிமார்.

வடக்கே, ஹூனான் மாகாணத்தின் ஜியாங்யொங் பகுதிப் பெண்கள் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே ஆலைக் கூலியும் இல்லை, மணமறுப்பும் இல்லை. எல்லோரும் மணமாகிப் போனார்கள். ஆனால் சிறுவயதில் தோழிகள் சபதம் செய்து சகோதரிகளாவார்கள். ஆண்களுக்குத் தெரியாத தனி எழுத்தொன்றை வைத்திருந்தார்கள். நூஷூ, அதாவது பெண்ணெழுத்து. ஐந்தாம் மாதத்தில் மலைமேலிருக்கும் சகோதரித் தெய்வங்களின் கோயிலுக்குப் போய், தங்கள் குறைகளை விசிறியிலும் தாளிலும் அந்த எழுத்தில் எழுதி, பாடி, அங்கே வைத்துவிட்டு வருவார்கள். தோழி மணமாகிப் போன மூன்றாம் நாள், அவளுக்கென்று எழுதித் துணியில் தைத்த சிறுநூல் ஒன்று புகுந்த வீட்டுக்குப் போகும். அதில் சில பக்கங்களை வெறுமையாக விடுவார்கள். அவள் பின்னால் எழுதிக்கொள்வதற்காக. அவள் இறந்தால் அந்த நூலையும் கூடவே புதைப்பார்கள் அல்லது எரிப்பார்கள். பழைய முறையில் அந்த எழுத்தைக் கற்ற கடைசிப் பெண்ணாகக் கருதப்பட்ட யாங் ஹுவான்யி 2004இல் காலமானார்.

வைத்தியர்களிடம் இந்தச் சடங்குகளால் என்ன பயன் என்று கேட்கலாம். ஊசியில் நூல் கோர்த்ததால் எவருக்கும் கைத்திறன் வந்திராது. சேவல் கூவும்போது அள்ளிய நீரால் காய்ச்சல் தணிந்திராது. ஆனால் சடங்கு ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருந்தது. எனக்கு ஒன்று நடந்தால் யார் வருவார்கள்? அந்தக் கேள்விக்கு ஷுண்டேப் பெண்ணிடம் பெயர் இருந்தது. ஒரு பெயர் அல்ல, பல பெயர்கள்.

இப்போது ஏன் இந்தத் தலைப்பு என்பதைச் சொல்கிறோம்.

எங்கள் பிரிவில் ஒரு தோழி இருந்தாள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு எல்லோரும் போல நாங்களும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனோம். அங்கே ஒரு மரத்தடியில் எங்கள் வகுப்பு மீண்டும் தொடங்கியபோது, அம்மாவைப் பிரிந்தவர்களும் வீட்டில் தலைவார நேரமில்லாதவர்களுமாக அலங்கோலமாக வந்தோம். கல்லூரி இல்லாவிட்டாலும் இரட்டைப் பின்னல் வேண்டும் என்பது அவளுடைய கட்டளை. தினமும் காலையில் எங்களை வரிசையாக இருத்தி வாரிப் பின்னிவிடுவாள். கறுப்பு ரிபன் இல்லாதவர்களுக்குத் தன் தாயின் பழைய சேலைக்கரையைக் கிழித்துத் தந்தாள். "பள்ளிக்கூடம் இடம்பெயரலாம், பின்னல் இடம்பெயராது" என்று பகிடி விடுவாள்.

பிறகு நாங்கள் பல்கலைக்கழகம் போனோம், கொழும்பு போனோம், இலண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று போனோம். அவள் போகவில்லை. தம்பிமாரை அனுப்பினாள். பெற்றோரைப் பார்த்தாள், இருவரையும் அனுப்பி வைத்தாள். திருமணம் செய்யவில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவரின் பிறந்தநாளுக்கும் காலை ஆறு மணிக்கு முதல் வாழ்த்து அவளிடமிருந்துதான் வரும். நூற்றாண்டுக் கட்டட நிதிக்கு ஊரில் நின்று அலைந்தவர்களில் அவளும் ஒருத்தி.

அவள் கிளினிக்குக்கு வந்தபோது மார்பில் கட்டி தெரியத் தொடங்கி ஒன்றரை வருடமாகியிருந்தது. படித்தவள், வைத்தியத் தோழிகள் இருப்பவள். "ஏனடி சொல்லேல்லை?" என்று கேட்டோம். "எல்லாரும் பிஸியாய் இருக்கிறியள். ஆரோட வாறதெண்டு தெரியேல்லை" என்றாள். சத்திரசிகிச்சைக்கான பத்திரத்தை நிரப்பினாள். எல்லாவற்றையும் அவளுடைய அழகிய எழுத்தில் நிரப்பிவிட்டு, நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் பேனையை நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்து, "இதில ஆரை எழுதிறது?" என்று கேட்டாள். தம்பிமார் வெளிநாட்டில். எங்களில் ஒருத்தியின் பெயரை எழுதச் சொன்னோம். "உறவுமுறை எண்டு கேட்டிருக்குதே, என்ன போட?" என்றாள். அப்போதுதான் சிங்கப்பூரில் பார்த்த அந்தப் பத்திரம் நினைவுக்கு வந்தது. 'சகோதரி' என்று போடச் சொன்னோம்.

அவள் இன்று எங்களோடு இல்லை. நேரத்தோடு வந்திருந்தால் இந்த மண்டபத்தில் இருந்திருக்கக்கூடும் என்பதை வைத்தியர்களாகிய நாங்கள் அறிவோம். அறுபத்திரண்டு பேர் இருக்கும் குழுவில், தினமும் வாழ்த்து அனுப்பும் ஒருத்தி எப்படி இருக்கிறாள் என்று ஒருவரும் தனியாக அழைத்துக் கேட்கவில்லை. அந்தக் குற்றம் அவளுடையதல்ல. எங்களுடையது.

ஆகவே இந்த நூற்றாண்டில் ஒரு வேண்டுகோள். கட்டடம் தேவை, அதற்கு எங்கள் பிரிவும் பங்களித்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பிரிவும் தன் பெயர்ப்பட்டியலை எடுத்து, தனியாக வாழ்பவர்கள் யார் யார் என்று பார்க்கட்டும். மணமாகாதவர்கள், கணவரை இழந்தவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர். இங்கே மட்டுமல்ல, குளிர்தேசத்தில் ஓர் அறையில் இருப்பவர்களும். ஒவ்வொருவருக்கும் பத்திரத்தில் எழுத இரண்டு பெயர் இருக்கட்டும். மாதம் ஒரு தடவையாவது குரல் கேட்கட்டும். நாற்பது வயதைக் கடந்தவளை, "மார்பைப் பரிசோதித்தாயா? நான் கூட வாறன்" என்று கேட்க ஒருத்தி இருக்கட்டும். எங்கள் பிரிவு கடந்த வருடம் இதைத் தொடங்கிவிட்டது. இதற்குப் பணம் பெரிதாக வேண்டியதில்லை. வேண்டியது வெட்கத்தை விடுவது மட்டுமே. இதற்கான பதிவேட்டைச் சங்கம் பொறுப்பேற்று வைத்திருக்க வேண்டும் என்று செயற்குழுவை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறோம்.

ஷுண்டேப் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கவில்லை. அவர்களைச் சகோதரிகளாக்க ஒரு சீப்பும் ஒரு சாமியும் சாட்சிகளும் தேவைப்பட்டன. நமக்கு ஒரு கல்லூரி இருந்தது. ஒரே வாங்கில் இருந்தோம், ஒரே தேவாரத்தைப் பாடினோம், ஒருவர் தலையை ஒருவர் வாரினோம். சாட்சியாக நிற்கும் ஆசிரியைகளும் இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள். சபதம் ஏற்கெனவே நடந்துவிட்டது என்றே நாங்கள் நினைக்கிறோம். இனி அதைக் காப்பாற்றுவோம்.